மலையில் ஒரு ராத்திரி... மடியில் நெருப்பு வேண்டாமே!

‘‘ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாச்சுப்பா. எங்கே போனாலும் ஒரே கூட்டம். இந்த லீவுக்கு டென்ட் போட்டுத் தங்கற மாதிரி ஏதாவது ஒரு இடத்துக்குப் போகலாமே!’’

பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் இப்படி ஆரம்பித்து விடுகிறார்கள். அப்பாவுக்கும் உள்ளூர ஆசைதான். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் செலவும் குறையும். வேலூரைத் தாண்டினால் இருக்கவே இருக்கிறது ஜவ்வாது மலை. சென்னையிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். காரின் டிக்கியில் டென்ட், பாய், தலையணை, மசாலா தடவிய கோழி, ஒரு மூட்டை அடுப்புக்கரி. கிளம்பியாச்சு!

கிளம்பும்போது பாட்டி கேட்கும் முதல் கேள்வி, ‘‘காட்டுலே புலி, சிறுத்தை வருமாடா?’’

பாட்டிக்குப் பயம் வருவது நியாயம்தான். ஆனால், வெளியிடங்களில் கூடாரம் போட்டுத் தங்கிய நம்மவர்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துகளை எடுத்துப் பாருங்கள். காட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்த ஆபத்தைவிட நாமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஆபத்துக்குத்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அது டிக்கியில் இருக்கிறதே, அந்தக் கரி மூட்டை! அதுவும் ஜுவாலை விட்டு எரியும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். சாப்பாடு முடிந்து, பாட்டுக் கச்சேரி முடிந்து, ‘நெருப்பு அணைஞ்சு போச்சு’ என்று நினைத்துப் படுக்கப் போகிறோமே, ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

இது ஊட்டி இல்லீங்க!

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மேலே ஜமுனாமரத்தூர்தான் முக்கியமான ஊர். கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். பீமன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் இங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர்தான். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் என்பதால்தான் விஞ்ஞானிகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அமாவாசைக்குப் பக்கத்தில் போனால் நட்சத்திரங்களைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

மலை என்றதும் ஸ்வெட்டர், குளிர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். ஊட்டியோ 2,240 மீட்டர். வித்தியாசம் புரிகிறதல்லவா? ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பகல் வெயில் நன்றாகவே காயும். ராத்திரி ஒரு போர்வை போதும். குளிருக்காகக் கூடாரத்துக்குள் நெருப்பு வைக்க வேண்டிய அவசியம் சுத்தமாகக் கிடையாது. இதை இப்போதே மனசில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இன்னொரு விஷயம். இங்கே பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடை வருவதற்கு முன்பே மரங்கள் இலையைக் கொட்டிவிடும். மார்ச் மாதத்தில் நடந்தால் காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதற்கு நடுவில் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். பிப்ரவரியில் ஆரம்பித்துக் கோடை மழை வரும் வரை வனத்துறைக்காரர்களுக்குச் சரியான தூக்கம் இருக்காது. தீ பரவாமல் இருக்க, முன்கூட்டியே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி வைக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு வருஷமும் மலையில் எங்காவது தீப்பிடிக்கத்தான் செய்கிறது.

குரங்கணியை மறந்துவிடக் கூடாது

2018-ம் வருஷம் மார்ச் 11-ம் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். நிறையப் பேர் சின்ன வயசு, படித்தவர்கள், வேலை பார்க்கிறவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தும், சரிவில் சிக்கியவர்களை உடனே நெருங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே வழிகாட்டிகளை நியமித்து, 40 பாதைகளில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தது.

காட்டுத் தீயைப் பற்றி ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. அது மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பின் சூடு, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகமும் கூடும். நாமோ ஆபத்து என்றால் உச்சியைப் பார்த்து ஓடுவோம். மூச்சு வாங்க நாம் ஏறுவதற்குள் தீ நம்மை முந்திக்கொள்ளும். தப்பிக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நகர்ந்து இறங்கப் பாருங்கள். புல் இல்லாத பாறைப்பரப்பு, ஓடைப் படுகை, தார் ரோடு, ஏற்கெனவே எரிந்து கருகிப்போன இடம், இவையெல்லாம் பாதுகாப்பு. உடம்பில் நைலான், பாலியெஸ்டர் இருந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் காட்டுப் பக்கம் போகும்போது பருத்தித் துணி போடுங்கள் என்று சொல்வது. அழகுக்காக அல்ல.

சரி, ஜவ்வாது மலைக்கு வருவோம். ‘எங்கே டென்ட் போடலாம்?’ என்பதற்கு ஒரே பதில்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. நெருப்பு மூட்டுவது இன்னும் பெரிய குற்றம். 1882-ம் வருஷத்து வனச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தனியார் பட்டா நிலத்தில் தங்க இடம் தருகிறார்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். இது பட்டா நிலம்தானா? அனுமதி இருக்கிறதா? ராத்திரி உங்கள் ஆள் யாராவது கூட இருப்பாரா? வண்டி நிற்கும் இடம் வரைக்கும் ரோடு இருக்கிறதா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், கார் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மலையில் காலங்காலமாக வாழ்கிற மலையாளி பழங்குடி மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எந்த ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும் என்று சொல்லிவிடுவார்கள். நாம்தான் போனைப் பார்த்துக்கொண்டு கேட்காமல் போய்விடுகிறோம்!

அடுப்பை எங்கே வைக்கலாம்? புல், சருகு இல்லாத வெறும் தரையில். சுற்றிலும் பத்தடிக்கு நன்றாகப் பெருக்கிவிடுங்கள். மேலே மரக்கிளை இருக்கக் கூடாது. கூடாரத்திலிருந்து குறைந்தது பதினைந்தடி தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் நெருப்பைத் தள்ளாத திசையில் வையுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். குடிக்கிற கேன் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இது தனி. காற்று பலமாக அடிக்கிறதா? அன்றைக்கு நெருப்பே வேண்டாம். கையோடு கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். கெட்டுப்போகாமல் தாக்குப்பிடிப்பதில் அதற்கு ஈடு இணை கிடையாது என்பது என் கட்சி!

நெருப்பை அணைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டு, ‘முடிஞ்சுது’ என்று போய்விடுவார்கள். மண்ணுக்கடியில் கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். விடிகாலையில் காற்று எழும்பும்போது ஒரே ஒரு பொறி போதும். அதுமட்டுமல்ல, மறுநாள் காலையில் குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து அந்த மண் மேட்டில் ஏறி நிற்கும். பிஞ்சுப் பாதம் வெந்து போய்விடும். சரியான முறை இதுதான்: தண்ணீரை ஊற்றுங்கள். குச்சியால் நன்றாகக் கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் நிற்கும் வரை விடாதீர்கள். கடைசியில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

சத்தமில்லாமல் கொல்லும் புகை

இப்போது, முன்னால் சொன்ன குளிர் விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி பதினோரு மணி. லேசாகத் தூறல் போடுகிறது. ‘‘ஏங்க, குழந்தைக்கு சில்லுனு இருக்கே... அந்த அடுப்புலே கொஞ்சூண்டு கனல் இருக்கு. புகைகூட வரலை. உள்ளே ஓரமா வச்சுக்கலாமா?’’

வேண்டவே வேண்டாம்!

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் நடந்தது இதுதான். நண்பர்களோடு சுற்றுலா வந்த இரண்டு பேர், கோழி சுட்ட பார்பிக்யூ அடுப்பின் கனல் இருந்த அறையில் படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவே இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூரின் விடுதியில், கேரளாவிலிருந்து போன எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்துபோனார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். அங்கே அறைக்குள் இருந்தது கேஸ் ஹீட்டர். கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அடுப்பு வேறு, ஊர் வேறு. வினை ஒன்றுதான்.

அந்த வினைக்குப் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. கரியோ, விறகோ, கேஸோ, போதுமான காற்று கிடைக்காமல் எரிந்தால் இந்த வாயு வரும். ஜுவாலை விட்டு எரியும் விறகைவிட, ஜுவாலை அடங்கிச் செக்கச்செவேலென்று கனிந்திருக்கும் கரியிலிருந்துதான் இது தாராளமாக வரும். வெள்ளைச் சாம்பல் பூத்து ‘அணைந்த’ மாதிரி தெரியும் கரிகூட மணிக்கணக்கில் இதை விட்டுக்கொண்டே இருக்கும். நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. ‘புகை வரலையே’ என்று நாம் ஏமாந்துபோவது இதனால்தான்.

உள்ளே போய் இது என்ன செய்கிறது? நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. நுரையீரலில் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கார்பன் மோனாக்ஸைடு இந்த பஸ்ஸில் பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஸீட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இறங்கவே இறங்காது. பஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஏற வேண்டிய பயணிக்கு மட்டும் இடமில்லை. மூளையும் இதயமும் முதலில் தவிக்கும்.

லேசான தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் துவண்டு போகிற மாதிரி அசதி, இதெல்லாம் ஆரம்ப அறிகுறிகள். ‘மலைப் பாதையிலே வந்தது தலையைச் சுத்துது’, ‘சிக்கன் ஒத்துக்கலை’ என்று நினைத்துக்கொள்வோம். ஆண்கள் கொஞ்சம் ‘உற்சாக பானம்’ ஏற்றிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், எல்லாப் பழியும் அதன் மேல் போகும். தூங்கிவிட்டால் இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. மயக்கம் தூக்கத்தோடு தூக்கமாக வந்துவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஆபத்து தாயைவிட அதிகம்.

‘டென்ட்டின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வச்சா?’ என்று கேட்பீர்கள். போதாது. பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பு வீட்டில் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முற்றத்தில், கொல்லைப்புறத்தில், ஓட்டு இடுக்கில் காற்று வந்து போகிற சமையல் கட்டில். இன்றைய டென்ட் துணி மழைத்தண்ணீரே இறங்காதபடி செய்தது. அதற்குள் நாலு பேர், ஒரு அடுப்பு! கரி அடுப்பு மட்டுமல்ல, சின்ன சிலிண்டர் கேஸ் அடுப்பு, பெட்ரோமாக்ஸ் விளக்கு எதுவுமே கூடாரத்துக்குள்ளும், கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் ஆகாது. (இடையே ஒரு வார்த்தை: பிள்ளை பெற்ற பெண்ணின் அறையைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் தணல் போட்டு சாம்பிராணி காட்டி அப்படியே விட்டுவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதுவும் இதே ஆபத்துதான். பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.)

ஒருவேளை யாராவது கூடாரத்தில் இப்படித் துவண்டு கிடந்தால், முதலில் அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்து திறந்த வெளியில் படுக்க வையுங்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் வர வேண்டும். இல்லாவிட்டால் காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார். உடனே 108. மூச்சில்லை என்றால், தெரிந்தவர்கள் மார்பை அழுத்தும் முதலுதவியை ஆரம்பிக்க வேண்டும். ‘வெளியே வந்ததும் தெளிஞ்சுட்டார்’ என்று ஆஸ்பத்திரியைத் தவிர்க்காதீர்கள். ஏறிய விஷவாயு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த விரல் நுனிக் கருவி (ஆக்ஸிமீட்டர்) வீட்டில் இருக்கிறதல்லவா? அதை மாட்டிப் பார்த்து ‘98 காட்டுது, பயமில்லை’ என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டும்.

பெட்ரோலும் பேஸ்டும்

கரி பற்றவில்லை என்றால் சிலருக்குப் பொறுமை போய்விடுகிறது. பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்து ஊற்றுவார்கள். ஆவி குப்பென்று பற்றி, ஊற்றியவர் முகத்துக்கே வரும். லேசாகக் கனன்று கொண்டிருக்கும் கரியில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதே கதைதான். தேங்காய் நார், காய்ந்த சுள்ளி, கற்பூரம் போதும். கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டுமே! புடவை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். துணியில் பற்றிக்கொண்டால் ஓடக் கூடாது. அப்படியே தரையில் படுத்து உருள வேண்டும்.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வது? குழாய்த் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் புண்ணின் மேல் ஊற்றுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். ஐஸ்கட்டி வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், தோசை மாவு, காப்பித்தூள் எதுவும் தடவாதீர்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது, சுட்ட வலியைவிட அதிகமாக வலிக்கும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் சுட்டிருந்தாலும், குழந்தைகளுக்கு எந்த இடத்தில் கொப்புளம் வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கோழி படும் பாடு

விடிகாலையில் சென்னையில் தயிரும் மசாலாவும் தடவிய கோழி, மதியம் போளூரைத் தாண்டி, சாயங்காலம் மலை மேல் அடுப்புக்கு வருகிறது. நடுவில் எட்டு, பத்து மணி நேரம் டிக்கி வெயிலில்! கிருமிகளுக்கு இதைவிடச் சொர்க்கம் வேண்டுமா? 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை மளமளவென்று பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைச்சி அப்படி இருக்கக் கூடாது. சுற்றிலும் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. தயிரும் எலுமிச்சையும் கெடாமல் காக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஐஸ் பெட்டியில் அடியிலும் மேலும் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது மலை மேலேயே அன்றைக்கு அறுத்த கோழியை வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி கிடைத்தால் ருசிக்கும் குறைவிருக்காது.

கம்பியில் சுடும்போது மேலே கருகி உள்ளே பச்சையாக இருப்பதுதான் வழக்கமான தொல்லை. ஜுவாலை அடங்கிக் கரியில் சாம்பல் பூத்த பிறகு போடுங்கள். துண்டு பெரிதாக இருந்தால் அங்கேயே குக்கரில் ஒரு விசில் விட்டு, ஆறவிடாமல் உடனே கம்பிக்கு மாற்றலாம். வீட்டிலேயே அரைவேக்காடாக வேகவைத்துக் கொண்டுபோவது மட்டும் கூடாது. கோழியின் உள்சூடு 74 டிகிரி வர வேண்டும் என்பது கணக்கு. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை, கத்தி இருக்கிறதே! எலும்போரம் கீறிப் பாருங்கள். ரோஸ் நிறம் இருக்கவே கூடாது. பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். மிச்ச மசாலாவைக் கடைசியில் மேலே தடவுவது ருசியாகத் தெரியும். அதில்தான் பச்சைக் கோழியின் கிருமி அத்தனையும் இருக்கிறது. கருகிய பாகத்தைச் சுரண்டி எறிந்துவிடுங்கள்.

சைவர்கள் பாடு சுலபம். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மக்காச்சோளத்தையும் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பனீர் மட்டும் கோழி மாதிரியே குளிரில் இருக்க வேண்டும்.

தரையில் படுக்கிறீர்களா?

சாப்பிட்ட எலும்பையும் சோற்றையும் கூடாரத்தின் பக்கத்தில் போட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்புகளில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில்தான் அது நடமாடும். கடித்தால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, பல் பட்ட தடமும் பல சமயம் தெரியாது. பாதி ராத்திரியில் அல்லது விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும். பிறகு கண் இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். ‘ராத்திரி சாப்பிட்ட சிக்கன்தான்’ என்று ஜெலூசில் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் கை நழுவிப் போய்விடுவார். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் வயிற்றுவலியோடு இமை தொங்கினால், பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தடுப்பது கஷ்டமில்லை. மடக்குக் கட்டில் கிடைத்தால் முதல் வேலையாக அதை வாங்குங்கள். இல்லையேல் அடித்துணியோடு சேர்த்துத் தைத்த டென்ட்டில் ஜிப்பை முழுசாக மூடிப் படுங்கள். வெட்டவெளியில் படுப்பதானால் கொசுவலையைப் பாய்க்கடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். கொசுவோடு கட்டுவிரியனையும் அது நிறுத்தும். ராத்திரி ‘ஒதுங்க’ப் போகும்போது டார்ச்சும் ஷூவும் இல்லாமல் இறங்காதீர்கள். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்ட கை காலை, எலும்பு முறிந்தால் கட்டுவதுபோலக் கட்டை வைத்து அசையாமல் வைத்துக்கொண்டு, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

மலைக்குப் போனவுடனே செய்ய வேண்டிய ஒரு காரியம் இதிலிருந்து தெரிகிறதல்லவா? ‘பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எது? பாம்புக்கடி மருந்து இருக்கிறதா? ராத்திரி டாக்டர் இருப்பாரா?’ என்று வெளிச்சத்திலேயே விசாரித்து வையுங்கள். பெரிய சிகிச்சை என்றால் திருவண்ணாமலைக்கோ, வேலூர் பக்கத்து அடுக்கம்பாறைக்கோ, அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் இறங்க வேண்டும். மலைப்பாதை இறங்கவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போனில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடத்தில் 108-ஐக் கூப்பிட முடியாது.

ஜவ்வாது மலைத் தேனுக்கு நல்ல பெயர். தேன் இருந்தால் தேனீயும் இருக்கும். மலைத்தேனீ கூட்டுக்குக் கீழே புகை போட்டால் கூட்டமாக இறங்கிவிடும். அடுப்பு வைக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு காருக்கு ஓடுங்கள். நிறையக் கொட்டினாலோ, மூச்சு இளைத்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. கோடை மழை இடியோடுதான் வரும். தனி மரத்தடியும் ஓடைக்கரையும் கூடாரத்துக்கு ஆகாது. இடி சத்தம் கேட்டால் எல்லோரும் காருக்குள் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாள்

எல்லாம் நல்லபடியாக முடிந்து, போட்டோவெல்லாம் காட்டி முடித்து, ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால்? ‘டைபாய்டா, டெங்குவா’ என்று டெஸ்ட் எடுப்பார்கள். புதர்க்காடுகளில், புல்வெளிகளில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு பூச்சிக் குஞ்சு கடித்து வருகிற ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். வேலூர் வட்டாரத்து டாக்டர்களுக்கு இது பழகிய நோய். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம், மற்ற மாதங்களிலும் வராமல் இல்லை. புல்லில் நேராக உட்காராமல், படுக்காமல் விரிப்புப் போட்டுக்கொள்வதும், துணியைப் புதர் மேல் உலர்த்தாமல் இருப்பதும், திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்புகளைத் துவைப்பதும் இதற்குத் தடுப்பு.

டாக்டரிடம் போனவுடன், ‘‘பத்து நாளைக்கு முன்னாடி மலையிலே டென்ட் போட்டுத் தங்கினோம்’’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். வலிக்காது, அரிக்காது என்பதால் நமக்கே தெரியாது. கூச்சப்பட்டு மறைக்கவும் செய்வோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைஸின் என்ற சாதாரண மாத்திரையிலேயே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பதே நல்ல பலன் தருகிறது என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தலைமையில் பல ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2023-ல் நிரூபித்தது.